நுனியில் இருக்கிறது உயிர்

"இதுல எந்தப் பக்கம் முளைக்கும்னு சொல்லுங்க பாக்கலாம்" என்று கிழங்கை என் உள்ளங்கையில் வைத்தார் அந்த விவசாயி. மூலனூர்ப் பக்கம் ஒரு செம்மண் காடு. ஆனி மாதக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கிழங்கு, இரண்டு விரலை விரித்தாற்போல் பிளந்து, ஒரு கை நீளமாகவும் மறு கை சற்றுக் குட்டையாகவும் இருந்தது. இஞ்சியும் மஞ்சளும் பார்த்துப் பழகிய எனக்கு, இரண்டு கையும் சேரும் முட்டிதான் முளைக்கும் இடமாகப் பட்டது. அதைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் சிரித்தார். "அது போன வருசத்துக் கொடி நின்ன எடமுங்க. முளைக்கறது இந்த ரெண்டு கொனையும்தான். கொனை ஒடஞ்சுதுன்னா அப்பறம் அது வெறும் மாவுக்கட்டிங்க."

அவர் சொன்ன கொனையை, அதாவது நுனியை, பிடித்துக்கொண்டு போனால் செங்காந்தளின் கதை முழுவதும் வசப்பட்டுவிடும். கிழங்கு முளைப்பது நுனியில். கொடி பற்றி ஏறுவது இலையின் நுனியில். தோட்டத்தில் அது காய் பிடிப்பது பெரும்பாலும் மனிதரின் விரல்நுனியால். இதன் நஞ்சு முதலில் தாக்குவதும், நுனியைப் போலவே செல்கள் ஓயாமல் பிரிந்து பெருகும் இடங்களைத்தான்.

ஒரு கொடி, பல பெயர்கள்

சங்கப் புலவர்களுக்கு இது காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் நீண்ட பட்டியலில் முதலில் நிற்பது செங்காந்தள்தான். கார்த்திகையில் பூத்துக் குலுங்குவதால் கார்த்திகைப்பூ. உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்ற ஊர் நம்பிக்கையால் கண்வலிப்பூ. கொங்கு நாட்டுச் சந்தையில் இதே செடிக்குக் கண்வலிக் கிழங்கு என்று பெயர். சித்த மருத்துவர் கலப்பைக் கிழங்கு என்பார். வடமொழியில் இதை லாங்கலி என்பார்கள். லாங்கலம் என்றாலும் கலப்பைதான். இரண்டு மொழிக்காரரும் மண்ணைத் தோண்டிக் கிழங்கைப் பார்த்தபோது ஒரே பொருள்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

1753-இல் லின்னேயஸ் இதற்குக் குளோரியோசா சுபெர்பா என்று பெயரிட்டார். முதல் சொல் புகழையும் இரண்டாவது சொல் பெருமிதத்தையும் குறிப்பவை. முன்பு அல்லிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இப்போது கோல்சிகேசியே என்ற தனிக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை இயல்பாக வளர்கிறது. தமிழ்நாட்டுக்கு இது மாநில மலர். ஜிம்பாப்வேக்குத் தேசிய மலர். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளிலோ, தோட்டங்களிலிருந்து தப்பிப் பரவி, பிடுங்கி எறிய வேண்டிய களையாகியிருக்கிறது.

ஆண்டுதோறும் புதிதாகும் கிழங்கு

உருளைக்கிழங்கை நாலாக நறுக்கி நட்டாலும் முளைக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண் இருந்தால் போதும். காந்தள் கிழங்கில் அந்த வசதி இல்லை. ஒரு கைக்கு ஒரே ஒரு மொட்டு, அதுவும் நுனியில். மீதி முழுவதும் அந்த மொட்டுக்கான கட்டுச்சோறு.

மழை மண்ணை நனைத்ததும் நுனி விழித்துக்கொள்கிறது. கட்டுச்சோற்றைத் தின்று கொடி மேலே வருகிறது. கொடி வளர வளரப் பழைய கிழங்கு சுருங்குகிறது. இலைகள் சமைக்கும் உணவு கீழே இறங்கி, கொடியின் அடியில் புதுக் கிழங்கு திரள்கிறது. தை, மாசியில் கொடி மஞ்சளித்துக் காய்ந்து சாயும்போது பழையது சக்கையாகியிருக்கும். புதியது இரண்டு கைகளோடு அதன் இடத்தில் படுத்திருக்கும். கோடை முழுக்க அதற்கு உறக்கம்.

இதைப் பல்லாண்டுத் தாவரம் என்கிறோம். உண்மையில் இதன் எந்த உறுப்பும் பல்லாண்டு இருப்பதில்லை. கொடி ஓர் ஆண்டு, கிழங்கு ஓர் ஆண்டு. பழைய தீபத்திலிருந்து புதுத் திரியைக் கொளுத்தி வைப்பதுபோல் செடி தன்னை ஒப்படைத்துக்கொண்டே போகிறது.

இதனால் விவசாயிக்கு ஒரு சிக்கல். ஒரு கிழங்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டாகத்தான் பெருகும். விதை போட்டுப் பெருக்கலாமே என்றால், விதை முளைக்க மாதக்கணக்காகும். அந்த நாற்று பூக்கும் அளவுக்குக் கிழங்கு வைக்க மூன்று நான்கு ஆண்டுகள் போய்விடும். ஆகவே நடவுக்குக் கிழங்குதான் வேண்டும், அது எப்போதும் தட்டுப்பாடு. கண்வலி சாகுபடியில் முதல் ஆண்டுச் செலவின் பெரும்பகுதி கிழங்கு வாங்கவே போய்விடுகிறது. அந்தத் தட்டுப்பாட்டால் காட்டுக் கிழங்கைத் தோண்டி விற்பவர்கள் பெருகி, இயற்கையில் பல இடங்களில் கொடி அருகிப்போனது.

இலையே கையாக

பாகல் கொடியின் பற்றுச்சுருள் தனி உறுப்பு. இலைக்குப் பக்கத்திலிருந்து கம்பி போலப் புறப்படும். காந்தள் அப்படித் தனியாக எதையும் செய்துகொள்ளவில்லை. ஈட்டி வடிவ இலையின் நுனியையே நீட்டிச் சுருளாக்கிக்கொண்டது. இலை வெயிலில் உணவும் சமைக்கும், நுனியால் பிடித்தும் தொங்கும்.

ஒரு காலை நேரத்தில் இளம் இலையின் நுனியை மெல்லிய குச்சியில் சாய்த்து வைத்துவிட்டு, மறுநாள் போய்ப் பாருங்கள். பிடித்திருக்கும். நுனியின் எந்தப் பக்கம் குச்சியில் உரசுகிறதோ அந்தப் பக்கத்தில் வளர்ச்சி மந்தமாகும்; எதிர்ப்பக்கம் விரைந்து நீளும். ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடினால் வளைந்துதானே ஆக வேண்டும்? தசையும் நரம்பும் இல்லாமல் செடி கை மடக்குவது இந்தக் கணக்கில்தான்.

இந்தக் கை சிறியது, மெல்லியதைத்தான் பிடிக்கும். பருத்த மூங்கிலை நட்டுவைத்தால் கொடி அதைச் சீண்டாமல் பக்கத்தில் சாய்ந்து கிடக்கும். கொங்கு விவசாயிகள் இதை நன்றாக அறிவார்கள். கிளுவை முள்வேலி ஓரமாக நடுகிறார்கள். காய்ந்த விராலிக் குச்சிகளைச் செருகுகிறார்கள். வசதி உள்ளவர்கள் கம்பி இழுத்துப் பந்தல் போடுகிறார்கள். எல்லாவற்றிலும் தேடுவது ஒன்றுதான்: இலை நுனி சுற்றிக்கொள்ளும் அளவு மெலிந்த கிளை.

தலைகீழ்ப் பூ

மொட்டு பச்சையாகத் தலைகுனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்கி மேலே எழும்பும். ஓரங்கள் அலையலையாக நெளியும். முதலில் பசுமஞ்சள். பிறகு அடி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் மாறும். நாளாக ஆகச் சிவப்பு கீழிறங்கிப் பூ முழுவதும் குருதி நிறமாகும். ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நான்கும் ஒரே வேளையில் இருப்பதால்தான் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தீ எரிவதுபோல் தெரிகிறது.

கிட்டப் போய்ப் பார்த்தால் இன்னொரு வினோதம் தெரியும். ஆறு மகரந்தத் தாள்களும் சக்கரத்தின் ஆரங்கள்போல் பக்கவாட்டில் விரிந்திருக்கும். சூல்தண்டு, சூலகத்தை ஒட்டிய இடத்திலேயே கிட்டத்தட்டச் செங்கோணத்தில் ஒடிந்தாற்போல் திரும்பி ஒரு பக்கமாக நீண்டிருக்கும். யாரோ விரலால் மடக்கிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் ஒவ்வொரு பூவிலும் அப்படித்தான்.

தேன் இருப்பது இதழ்களின் அடியில். தேன் தேடி வரும் பெரிய வண்ணத்துப்பூச்சி சிறகடித்தபடி பூவை அணுகும்போது, விரிந்து நிற்கும் மகரந்தப் பைகள் அதன் சிறகில் உரசும். அடுத்த பூவுக்குப் போகும்போது, பக்கவாட்டில் நீட்டியிருக்கும் சூல்முடி அதே சிறகைத் தொடும். பூச்சியின் காலோ தலையோ இல்லை, சிறகுதான் மகரந்தம் சுமக்கிறது என்பதையும், பூ தலைகீழாகத் தொங்குவது அதற்குத் துணைசெய்கிறது என்பதையும் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் 2020-இல் விளக்கினார்கள்.

ஏக்கர்க்கணக்கில் காந்தள் நட்ட தோட்டத்தில் அத்தனை பூவுக்கும் வண்ணத்துப்பூச்சி எங்கே போவது? சூல்தண்டு விலகி நிற்பதால் பூ தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளவும் வழியில்லை. ஆகவே பூக்கும் பருவத்தில் காலையிலேயே பெண்கள் தோட்டத்தில் இறங்குகிறார்கள். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தொட்டு வைக்கிறார்கள். பூவுக்குப் பூ, வரிசைக்கு வரிசை. தொட்ட பூ காயாகும், தொடாதது பெரும்பாலும் உதிரும். பெண்ணின் விரலுக்குக் காந்தளை உவமை சொன்னது சங்கப் பாட்டு. இன்று அந்தக் காந்தளே பெண்ணின் விரலை நம்பிக் காய்க்கிறது.

நிறுத்தி வைக்கும் மருந்து

இவ்வளவு பாடுபடுவது பூவுக்காக இல்லை, விதைக்காக. விதைக்குள் கோல்சிசின் இருக்கிறது.

கருங்கடல் ஓரத்துக் கோல்கிஸ் நாட்டின் பெயரைத் தாங்கிய கோல்சிகம் என்ற செடியிலிருந்து 1820-இல் பெல்லத்தியே, கவந்தூ என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் இந்தப் பொருளைப் பிரித்தார்கள். மலேரியாவுக்கான குயினைனைப் பிரித்ததும் அதே இருவர், அதே ஆண்டு. நம் காந்தளிலும் இதே பொருள் உண்டு என்பது 1915-இல் தெரியவந்தது.

கோல்சிசின் என்ன செய்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, உள்ளே இருக்கும் குரோமோசோம்களை இரண்டு பங்காக்கி இரு பக்கமும் இழுத்துச் செல்ல நுண்குழாய்கள் என்ற கயிறுகள் வேண்டும். டியூபுலின் என்ற புரதத்தைச் செங்கல் செங்கலாக அடுக்கிச் செல் இந்தக் கயிற்றைத் திரிக்கிறது. கோல்சிசின் ஒரு செங்கலில் ஒட்டிக்கொண்டால் கயிறு மேலே நீளாது. குரோமோசோம்கள் இழுக்க ஆளின்றித் திகைத்து நிற்கும். டியூபுலின் என்ற புரதம் 1960-களில் அடையாளம் காணப்பட்டதே, கோல்சிசின் எதில் போய் ஒட்டுகிறது என்று சிகாகோவில் தேடியபோதுதான்.

இந்தத் திகைப்பை அறிவியல் மூன்று விதமாகப் பயன்படுத்திக்கொண்டது. முதலாவது, எண்ணுவதற்கு. மனிதருக்கு 48 குரோமோசோம்கள் என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடப் புத்தகங்கள் சொல்லிவந்தன. 1955-இன் இறுதியில் ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் சியோ, கோல்சிசின் கொடுத்து நிறுத்தி வைத்த செல்களில் எண்ணிப் பார்த்தார். 46 தான் இருந்தது. ஓடுகிற ஆட்டு மந்தையை எண்ண முடியாது, நிறுத்தினால்தானே எண்ணலாம்.

இரண்டாவது, இரட்டிப்பதற்கு. குரோமோசோம்கள் இரட்டித்த பிறகு செல் பிரியாமல் நின்றுவிட்டால், ஒரே செல்லில் இரு மடங்கு குரோமோசோம்கள் தங்கிவிடும். 1937-இல் இந்த உத்தி பரவலாக அறியப்பட்டது. தர்ப்பூசணியின் 22 குரோமோசோம்களை இப்படி 44 ஆக்கி, அந்தச் செடியைச் சாதாரணச் செடியோடு கலந்தால் 33 வரும். மும்மூன்றாக இருக்கும் குரோமோசோம்களை இரண்டு பங்காகச் சமமாகப் பிரிக்க முடியாமல் பழம் விதை வைக்கத் தவறுகிறது. விதையில்லாத் தர்ப்பூசணி இப்படித்தான் ஜப்பானில் கிஹாரா என்ற மரபியலாளரின் குழுவால் உருவானது.

மூன்றாவது, மருத்துவம். கீல்வாதத்தில் மூட்டுக்குள் படியும் யூரிக் அமிலப் படிகங்களைக் கண்டு வெள்ளணுக்கள் கூட்டமாகப் பாய்ந்து வரும். வலியும் வீக்கமும் அந்தப் படையெடுப்பால்தான். வெள்ளணு நகரவும் நுண்குழாய் வேண்டும். சிறிதளவு கோல்சிசின் அந்தப் படையை மட்டுப்படுத்துகிறது. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மாரடைப்பு போன்றவற்றின் அபாயத்தைக் குறைக்கவும் 0.5 மில்லிகிராம் மாத்திரையை அனுமதித்தது. ஒரு கிராமின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இந்த அளவை நினைவில் வையுங்கள்.

அதே நுனி, நம் உடலில்

ஏனென்றால், சில மில்லிகிராம்களே உயிரைப் பறித்திருக்கின்றன. காந்தள் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. தெரிந்தே தின்று உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. அவித்தாலும் நஞ்சு போவதில்லை. செடியின் எல்லா உறுப்பிலும் அது இருக்கிறது. கிழங்கைவிட விதையில் கூடுதல்.

உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும். குடலின் உட்சுவர் நாளும் புதுப்பிக்கப்படும் இடம். பிரியும் செல்கள் அங்கே ஏராளம். அடுத்த நாட்களில் எலும்பு மச்சை ஓய்ந்து இரத்த அணுக்கள் குறையும், உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளரும். பிழைத்தவருக்கு இரண்டொரு வாரம் கழித்துத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரும். முடியின் வேரிலும் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருப்பதே காரணம். எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து எதுவும் இதற்கு இல்லை. சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து, அதாவது நஞ்சைத் தணித்து, பயன்படுத்துகிறார்களே என்று வீட்டில் யாரும் முயன்று பார்க்கக் கூடாது.

ஆடுமாடுகளுக்கும் இது ஆகாது. ஆனால் இதை உணவாக்கிக்கொண்ட உயிரும் உண்டு. பாலிடெலா குளோரியோசே என்ற அந்துப்பூச்சியின் பெயரிலேயே காந்தள் இருக்கிறது. கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் வைத்த அதன் புழு, இலையை மொய்த்துத் தின்று கொடியை மொட்டையாக்கிவிடும். பளிச்சென்ற அந்த உடுப்பு பறவைகளுக்கு ஓர் எச்சரிக்கை.

நடுவது எப்படி

தோட்டத்தில் நடுவதானால் ஆடிதான் பருவம். நீர் தேங்காத செம்மண்ணோ மணல் கலந்த மண்ணோ வேண்டும். களிமண்ணில் கிழங்கு அழுகும். இரண்டு மூன்று உழவு ஓட்டித் தொழு உரம் கலந்து, சால் பறித்து, 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்குகளை 30 முதல் 45 சென்டிமீட்டர் இடைவெளியில் வைப்பார்கள். முளைக்கும் முன்பே பந்தலோ குச்சியோ தயாராக இருக்க வேண்டும். பிறகு குச்சி ஊன்றப் போனால் மண்ணுக்குள் இருக்கும் நுனி உடையும்.

நட்ட 160 முதல் 180 நாளில் காய் முற்றும். பச்சை அடர்ந்து, தோல் சுருங்கி, கையில் எடுத்தால் எடை குறைந்து தெரிவது அடையாளம். பறித்துப் பத்து நாள்போல நிழலில் உலர்த்தினால் காய் வெடித்து உள்ளே செம்மணிகளாக விதை தெரியும். ஹெக்டேருக்கு 200 முதல் 250 கிலோ விதை நல்ல மகசூல். கிழங்கைத் தோண்டாமல் விட்டால் ஐந்தாறு ஆண்டுகள் அதே நிலத்தில் காய்க்கும். மழை விடாமல் பிடித்துக்கொண்டால் இலைக்கருகலும் கிழங்கு அழுகலும் வரும். இந்தப் பயிரில் பணம் போவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான். மூன்றாவது காரணம் விலை. விதை பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போவதால், ஓர் ஆண்டு ஏறிய விலை மறு ஆண்டு சரியும். அதை நம்பிக் கடன் வாங்குவது ஆபத்து.

வீட்டில் ஒரு தொட்டியில் வளர்க்க இவ்வளவு தேவையில்லை. ஓரடி ஆழமுள்ள தொட்டி; செம்மண், மணல், மட்கிய உரம் சம பங்கு. கிழங்கைப் படுக்கை வாட்டில் மூன்று விரற்கடை ஆழத்தில் வையுங்கள். நுனி தொட்டியின் சுவரை முட்டக் கூடாது. ஒருமுறை நன்றாக நீர் ஊற்றிவிட்டு, முளை தெரியும் வரை மண் காயாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுக் கிளறிப் பார்க்காதீர்கள். கொடி ஏற மெல்லிய வலையோ குச்சியோ கொடுங்கள். பூத்துக் காய்ந்து கொடி சாய்ந்ததும் நீரை நிறுத்திவிட்டு, மழை படாத இடத்தில் தொட்டியை ஒதுக்கி வையுங்கள். காலித் தொட்டி என்று நினைத்து வீட்டார் மண்ணைக் கொட்டிவிடாமல் பெயர் எழுதி ஒட்டுவதும் நல்லது. அடுத்த ஆடியில் நீர் விட்டால் அதுவே வரும்.

கிழங்கைக் காட்டிலிருந்து தோண்டி வராமல், பயிரிடுபவரிடம் வாங்குங்கள். சமையலறைக் கிழங்குகளோடு சேர்த்து வைக்காதீர்கள். கையுறை போட்டு நடுங்கள். சிறு பிள்ளைகளும் ஆடுமாடுகளும் வளைய வரும் வீட்டில் வேறு பூ வளர்க்கலாம்.

2020-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கோல்சிசின் தயாராகும் வழியை ஏறக்குறைய முழுவதும் கண்டறிந்து, அந்த மரபணுக்களைப் புகையிலைக் குடும்பத்துச் செடி ஒன்றுக்கு மாற்றி, கோல்சிசினுக்கு நெருங்கிய ஒரு பொருளை அதில் தயாரித்துக் காட்டினார்கள். அவர்கள் மரபணுக்களைத் தேடி எடுத்தது நம் காந்தளிலிருந்துதான். ஒருநாள் இந்த மருந்துக்குக் கொடியே தேவைப்படாமல் போகலாம். அப்போதும் மழைக்காலத்தில் வேலியோரத்தில் அது பூக்க வேண்டுமானால், கிழங்கை மண்ணிலேயே விட்டுவைக்க வேண்டும். பூவைக் கண்ணால் பாருங்கள், கண் வலிக்காது. கிழங்கைத் தொட நேர்ந்தால் நுனியை உடைக்காதீர்கள். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள்.